தைப் பாத்திக்கு ஆனியில் விதையா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில், வசந்தகால வீட்டுத்தோட்டத்துக்கு இப்போதே ஆயத்தமாவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பனி உருகியதும் மண்ணைக் கிளற வேண்டும், கடைசி உறைபனி போன பிறகே நாற்றை வெளியே எடுக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. நான் மட்டக்களப்புப் பக்கத்துத் தேற்றாத்தீவுக்காரி. என் வளவில் உறைந்து கிடப்பது குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் சூடை மீன் மட்டும்தான்.

கட்டுரை பிழை என்று சொல்ல வரவில்லை. கனடாவில் ஸ்காபறோவில் இருக்கும் என் தங்கச்சி அப்படித்தான் செய்கிறாள். பங்குனியில் வெளியே பனி கிடக்கும்போதே ஜன்னலோரம் சின்னத் தட்டுகளில் கொச்சிக்காய் (மிளகாய்) விதை போட்டு, மேலே ஒரு லைட்டையும் எரியவிடுவாள். வைகாசியில் அவர்களுக்கு விக்டோரியா நாள் என்று ஒரு விடுமுறை வருகிறது. அது வரும் வரைக்கும் நாற்று இரவில் வெளியே தங்கக் கூடாது. அதற்கு முன் ஒரு கிழமை, பத்து நாள் பகலில் வெளியே வைத்து, பொழுதுபட உள்ளே தூக்கி வந்து பழக்குவாள். வீடியோவில் அதைக் காட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குப் பழக்குவது மாதிரி. ஆனால் அவள் கணக்கு சரி. அங்கே மண் சூடேற வேண்டும். இங்கே மண் வடிய வேண்டும். எங்களுக்கு நடுகைக் காலம் தை பிறந்த பிறகு வருகிறது, அதற்கான வேலை மார்கழி மழைக்குள் நடக்கிறது. இதை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது 66. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்பநல மாதுவாக 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டர். ஊரில் இன்றைக்கும் 'மிஸ்ஸி' என்றால் நான்தான். ஒரு வீட்டுக்குப் போனால் முன் விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தருவார்கள். ஆனால் அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று அறிய வேண்டுமென்றால் பின் வளவுக்குத்தான் போக வேண்டும். கை கழுவுகிறேன் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். ஒரு முருங்கை, நாலு கத்தரி, கிணற்றுக் கழிவுநீர் ஓடும் இடத்தில் கொஞ்சம் பொன்னாங்காணி நின்றால் மனதுக்கு நிம்மதி. வெறும் மணலும் பிளாஸ்ரிக் கதிரையும் மட்டும் கிடந்தால், அந்த வீட்டுப் பிள்ளைத்தாச்சியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கும் முன்னமே எனக்குத் தெரியும், வெளிறித்தான் இருக்கும் என்று.

திரிபோஷாச் சத்துமா கொடுப்போம், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள், குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது, கீரைச் சுண்டலில் ஒரு பாதி தேசிக்காய் பிழிந்து விடுங்கள் என்று சொல்லுவோம். எல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள். ஒரு பிள்ளை மட்டும் திருப்பிக் கேட்டாள். "மிஸ்ஸி, கீரைய நாளாந்தம் காசு குடுத்து வாங்க ஏலுமா? இந்த மணலுக்குள்ள என்னதான் முளைக்கும்?" எனக்கு அப்போது பதில் தெரியவில்லை என்பது இல்லை. பதில் நீளமானது, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பதிலைத்தான் இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் காலம். மட்டக்களப்பில் ஒரு வருடம் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதத்தில் கொட்டி முடிந்துவிடும். நெல்லுக்கு அந்த மழைதான் உயிர். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், பெரும்போகம் அதை நம்பித்தான் விதைக்கிறார்கள். எங்கள் எழுவான்கரை மணலுக்கு அதே மழை வேறு மாதிரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இந்த மணலில் புரட்டாதியில் எருவைப் போட்டால், மார்கழி முடிய அது பாத்தியில் இராது. மழையோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குள் போயிருக்கும். எருவிலும் யூரியாவிலும் உள்ள தழைச்சத்து நைத்திரேற்றாக நிலத்தடி நீரில் சேர்கிறது. அது அளவுக்கு மிஞ்சிய கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் குழந்தை நீலம் பாரிக்கும் என்று எங்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே படிப்பித்தார்கள். ஆகவே மழைக்கு முன் எரு போடாதீர்கள். பணமும் நட்டம், தண்ணீரும் கெடும்.

சரி, மழை எல்லாம் போய் நன்றாகக் காய்ந்த பிறகு தொடங்கலாமா என்றால் அதுவும் இல்லை. 2022 ஆனி மாதம் நினைவிருக்கும். பெற்றோலுக்கு ஒரு வரிசை, காஸுக்கு ஒரு வரிசை. அரசாங்க உத்தியோகத்தர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாதத்துக்கு லீவு கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. என் மருமகன் அரசாங்க உத்தியோகம். எங்கள் ஊர் வழக்கப்படி மகளோடு என் வீட்டில்தான் இருக்கிறார். இந்த வளவும் என் அம்மாவுக்கு அவவின் அம்மா எழுதிக் கொடுத்து, அம்மா எனக்கு எழுதி, நான் மகளுக்கு எழுதியது. 40 பேர்ச். முதல் வெள்ளிக்கிழமையே மனுஷன் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

"மாமி, லீவு தந்ததே இதுக்குத்தானே."

"மகன், லீவு தந்தவங்களுக்கு எங்கட கச்சான் காத்தத் தெரியாது. கொஞ்சம் பொறுங்க."

பொறுக்கவில்லை. எங்கேயோ வீடியோ பார்த்து, ஆறு மேட்டுப் பாத்தி போட்டார். பார்க்க அழகுதான், பெட்டி பெட்டியாக. ஆனி, ஆடியில் கச்சான், அந்த வறண்ட காற்று, அடிக்கும்போது மணல் மேட்டில் ஈரம் நிற்குமா? காலையில் ஊற்றினால் பத்து மணிக்கு மேல்மண் கையில் மாவாக உதிரும். பின்னேரமும் ஊற்றினார். பிறகு மோட்டரைப் போட்டு மத்தியானமும் ஊற்றினார். மூன்றாம் கிழமை என் தேத்தண்ணி கரித்தது. கத்தரி இலையின் ஓரம் முழுக்கக் கருகி, நெருப்பில் காட்டி எடுத்த கடதாசி மாதிரி. ஆறு பாத்திக்கும் சேர்த்துக் கடைசியில் கிடைத்தது 7 கத்தரிக்காய். ஏழையும் ஒரே நாளில் பொரித்து முடித்தோம்.

தேத்தண்ணி ஏன் கரித்தது என்பது எனக்குச் சுனாமிக்குப் பிறகுதான் விளங்கியிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் பின்வேலி வரை வந்து திரும்பியது. கிணறு உப்பு. இறைத்தால் சரியாகும் என்று மோட்டர் வைத்து மூன்று முறை இறைத்தோம். இறைக்க இறைக்க உப்பு கூடியது. அந்த நாட்களில் கிணறுகளைப் பார்க்க வந்த ஒரு பொறியியலாளர்ப் பையன் ஈர மணலில் விரலால் படம் கீறிக் காட்டினான். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைவு, கடல் தண்ணீர் பாரம் கூட. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் தொங்கும். மேலே நீங்கள் அவசரப்பட்டு இறைத்து ஒரு அடியைக் குறைத்தால் அடியில் இருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று பாருங்கள் அம்மா, என்றான். கிணற்றைச் சும்மா விடச் சொன்னான். விட்டோம். இரண்டு மாரி கழிய இனித்தது.

அதனால் எங்கள் தோட்டத்தின் கணக்கு கிணற்றில் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு அளவு இருந்தது. எங்களுடையது கொட்டுக் கிணறு, கொட்டு என்கிற வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கிக் கட்டியது. மாரி உச்சத்தில் தண்ணீர் முதல் கொட்டு வரை ஏறி, குனிந்தால் கையால் அள்ளலாம் போல நிற்கும். அந்த நேரம் பாத்தி வெட்டினால் மண்வெட்டி எடுத்த குழியில் தண்ணீர் ஊறும். வேர் அழுகும். மழை ஓய்ந்து தண்ணீர் இறங்கி, இரண்டாம் கொட்டின் விளிம்பு பாசியோடு வெளியே தெரிகிற அன்று பாத்தி வெட்டலாம். அது அநேகமாகப் பொங்கலை ஒட்டி வரும். சில வருடம் பொங்கலுக்கு முன், வெள்ளம் கூடிய வருடம் தைப்பூசத்துக்குப் பின். 2011 தையில் பெருவெள்ளம் வந்தபோது மாசி பிறந்தும் அந்த விளிம்பைக் காணவில்லை.

அங்கிருந்து சித்திரை வரைக்கும்தான் எங்களுக்குப் பொற்காலம். மண்ணில் ஈரம் இருக்கும், கிணறு இனிக்கும், இரவில் குளிர்மை இருக்கும். தக்காளிக்கு இந்தக் குளிர்மை முக்கியம். பங்குனி கடைசியில் இரவும் வெக்கையாகிவிடும். அதற்குப் பிறகு பூக்கிற தக்காளி, பூவைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும். கொச்சிக்காயும் அப்படி, கச்சான் தொடங்க முன் நன்றாக வேர் பிடித்துவிட்டால் பனிப்பூச்சி வந்தாலும் இலை சுருண்டாலும் ஒரு மாதிரி தாக்குப் பிடிக்கும். பிந்தி நட்டது தாங்காது.

தையில் நடுவதற்கு நாற்று மார்கழியில் நிற்க வேண்டும் அல்லவா? கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் நாலு, ஐந்து கிழமை. தக்காளிக்கு மூன்று, நாலு. இதை எழுதும் நேரம் வெளியே மழை ஊற்றுகிறது, பொங்கலுக்கு ஐந்து கிழமை இருக்கிறது. கிழக்குப் பக்கத் தாவாரத்தில் பழைய மேசை ஒன்றில் என் நாற்றுத் தட்டுகள் இருக்கின்றன. உடைந்த பேசின், பழைய ஐஸ்கிறீம் பெட்டி, இப்படித்தான். அரித்த கூட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, தும்புத்தூள் கொஞ்சம். அம்மா நாற்று மேடைக்கு மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, ஆறிய பிறகே விதைப்பா. மண்ணில் இருக்கும் நோய்க் கிருமி சாகும், நாற்று அடி அழுகி விழாது. இந்த மழையில் எங்கே எரிப்பது? நான் ஒரு கேத்தில் கொதிதண்ணீரை மண்ணில் ஊற்றுகிறேன். ஆறவிட்டு இன்னொரு கேத்தில். 31 வருடம் கத்தரிக்கோலையும் கிண்ணத்தையும் அவித்துப் பழகிய கை. நாற்று விழுவது மிகக் குறைவு.

எறும்புதான் தொல்லை. தக்காளி விதையைக் கண் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போகும். மேசைக் காலுக்குக் கீழே தண்ணீர்ச் சிரட்டை வைத்தால் எறும்பு வராது, ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வருவார். டெங்குக் காலம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் காலில் சுற்றிவிடுங்கள், போதும்.

பாகல், புடோல், பூசணிக்கு வேரைக் குழப்பக் கூடாது. அதற்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிப் பேப்பரைச் சுருட்டி, அடியை மடித்து, கோப்பையை உருவினால் ஒரு குவளை. மண் நிரப்பி ஒரு விதை. நாற்று வந்ததும் அப்படியே குழியில் வைக்கலாம், பேப்பர் உக்கிப்போகும். ஆசிரியர் குறை நினைக்கக் கூடாது, உங்கள் பத்திரிகையைத்தான் பயன்படுத்துகிறேன். முதலில் வாசித்துவிட்டு.

இனி எரு. மார்கழி முழுக்கச் சேர்க்கும் வேலை, போடும் வேலை அல்ல. மாட்டெரு எங்களுக்குப் பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்து, லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் வருகிறது. பழைய எருவாகக் கேட்டு வாங்க வேண்டும். கையில் எடுத்தால் நெடி இருக்கக் கூடாது, பிடித்தால் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர வேண்டும். குவியலைக் கொட்டியதும் நான் ஒரு தடியோடு இருந்து கிளறுவேன். சுருண்டு, வெள்ளையாக, மண்ணிறத் தலையோடு, பெருவிரல் மொத்தத்தில் புழுக்கள் வரும். தோல் வழியே உள்ளே கறுப்பாக ஓடுவது தெரியும். காண்டாமிருக வண்டின் புழு. விட்டால் வண்டாகித் தென்னங்குருத்தைக் குடையும். என் கோழிகளுக்கு லான்ட்மாஸ்டர் சத்தம் கேட்டாலே தெரியும், வேலியோரம் வந்து வரிசையாக நிற்கும். பிறகு குவியலைக் கிடுகால் மூடிவிடுவேன், மேலே ஒரு படங்கு. மழைத் தண்ணீர் எருவுக்குள் இறங்கக் கூடாது.

வெள்ளத்தோடு வாவியில் ஆற்றுவாழை மிதந்து வந்து கரையில் ஒதுங்கும். இழுத்துப் போட்டு இரண்டு, மூன்று நாள் வாடவிட்டால் பாரம் பாதிக்கு மேல் குறையும், அவ்வளவும் தண்ணீர். அதோடு கிளிரிசீடியா இலை, பூவரசங் குழை, குசினிக் கழிவு எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் கூட்டெரு. மீன் கழிவை மட்டும் தென்னையடியில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊர் நாய் முழுக்க உங்கள் வளவில்தான். அடுப்புச் சாம்பலைத் தனியாக வையுங்கள். பச்சை எருவோடு கலந்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி கிளம்பும். அந்த நெடியாகப் பறந்து போவதுதான் பயிருக்கு வேண்டிய சத்து.

கடையில் வாங்கலாமே என்பீர்கள். 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தினார்களே, அப்போது நானும் ஒரு மூடை 'சேதனப் பசளை' வாங்கினேன். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் அரைவாசி மணல். மணலில் இருக்கிறவளுக்கே மணல் விற்றார்கள். கார்த்திகையில் தடையை எடுத்தார்கள், என் காசு வரவில்லை.

இரண்டாம் கொட்டு தெரிந்ததும் பாத்தி. இங்கேதான் வீடியோக்காரர்களோடு எனக்குப் பிணக்கு. மேட்டுப் பாத்தி மாரிக்கு. தையில் தொடங்கிக் கோடைக்குள் போகிற பயிருக்கு எங்கள் மணலில் தாழ்ந்த பாத்தி, சுற்றிவர ஒரு சின்ன வரம்பு. மூன்றடி அகலம், பத்தடி நீளம், ஒரு முழம் ஆழம் எடுத்து, அடியில் பொச்சுமட்டையை (தேங்காய் மட்டை) குழிப்பக்கம் மேலே பார்க்க, கோப்பை அடுக்குவது மாதிரி நெருக்கி அடுக்குவேன். ஊற்றுகிற தண்ணீர் நேரே பாதாளத்துக்குப் போகாமல் அதில் தங்கும். மேலே கிளிரிசீடியா இலை ஒரு படை, அதற்கு மேல் எருவும் கூட்டெருவும் சேர்த்து இரண்டு உரப்பை, பிறகு எடுத்த மண். பத்து நாள் நீர் தெளித்து ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் இலையின் சூட்டில் நாற்று வதங்கும். பத்தாம் நாள் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். குளிர்ந்து, கறுத்து, மழை மண் வாசம் வரும். மணல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கத்தரிக்கு மூன்றடிக்கு இரண்டடி, கொச்சிக்காய்க்கு இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். நெருக்கி நட்டால் காற்றுப் படாது. வெண்டியும் பயற்றையும் நேரே ஊன்றலாம், வெண்டி விதையை முதல் நாள் இரவு ஊறவையுங்கள். கீரை தூவினால் மூன்று, நாலு கிழமையில் சட்டிக்கு வரும். போன வருடம் தக்காளி நின்ற இடத்தில் இந்த வருடம் தக்காளியோ கத்தரியோ கொச்சிக்காயோ வேண்டாம், மணலில் வேர்முடிச்சுப் புழு கூடும். நட்டு முடிய வைக்கோலால் மூடுங்கள். அவ்வளவுதான். மருமகன் 2023 தையில் அதே இடத்தில் இப்படிச் செய்தார். மாசி கடைசியில் தொடங்கிச் சித்திரை வருடப்பிறப்பு வரை நாங்கள் கத்தரிக்காய்க்குக் காசு கொடுக்கவில்லை. அயலுக்கும் கொடுத்தோம். இப்போது கிணற்றை முதலில் எட்டிப் பார்ப்பது அவர்தான்.

இனி நான் இந்தக் கடிதம் எழுதத் தொடங்கிய காரணம். போன வருடம் எங்கள் பகுதியில் வீட்டுத்தோட்ட விதைப் பொதி கொடுத்தார்கள். எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை. கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடு கொடுத்திருப்பார்கள். கொடுத்தது ஆனி மாதம். பந்தல், மாலை, மூன்று பேச்சு, படம். பொதிக்குள் கோவா, போஞ்சி, கரட், கத்தரி, கொச்சிக்காய். கச்சான் அடிக்கிற ஆனியில் எழுவான்கரை மணலில் கோவா! பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி பொதியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இத அவிச்சுத் தின்னலாமா, மிஸ்ஸி?" என்று கேட்டா. கத்தரி விதையில் பத்தை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வைத்தேன். முளைத்தது மூன்று. என் ஹோர்லிக்ஸ் போத்தலில் சாம்பலோடு கிடக்கும் அம்மாவின் நீளக் கத்தரி விதை பத்துக்கு எட்டு, ஒன்பது முளைக்கிறது.

அந்தப் பொதியை வாங்கிய பெண்களில் பலர் விதைத்துப் பார்த்து, முளைக்காமல், முளைத்தது கருகி, "எங்கட மணலுக்குச் சரிவராது" என்று மண்வெட்டியைச் சாய்த்துவிட்டார்கள். எனக்கு அதுதான் கவலை. அவர்கள் இனி நல்ல விதை கொடுத்தாலும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே கொடுக்கிறவர்களிடம் கேட்பது. கத்தரி, கொச்சிக்காய், தக்காளி விதையை மார்கழி முதல் கிழமைக்குள் தாருங்கள். அல்லது விதை வேண்டாம், பொங்கல் கழிய நாற்றாகத் தாருங்கள். நேரே ஊன்றுகிற விதையைப் பொங்கலுக்குத் தாருங்கள். எங்களுக்குக் கோவா வேண்டாம். விவசாயத் திணைக்களத்தின் ஹரித வெண்டி இருக்கிறது, திருநெல்வேலி வெள்ளைப் பாகல் இருக்கிறது, இரண்டும் இந்த மணலில் நான் காய் பறித்தவை. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு வீட்டுக்கு இரண்டு உரப்பை பழைய மாட்டெரு தாருங்கள். படத்தில் அழகாக விழாது, தெரியும். படுவான்கரையில் பட்டி பட்டியாக மாடு நிற்கிறது, வாவிக்கு இந்தப் பக்கம் எரு இல்லாமல் மணல் கிடக்கிறது, நடுவில் ஒரு பாலம்தான்.

மாடு என்றதும் இன்னொன்று. பிரதான வீதியில் இரவில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடுகள் தையில் முதலில் தேடுவது எங்கள் வேலியைத்தான். கதியால் நட்டு, இடையில் வலை கட்டியும் போன மாசியில் ஒரே இரவில் எட்டுப் பயற்றங் கொடி போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியில் சாணி போட்டுவிட்டுப் போயிருக்கிறது. விலையைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உரிமையாளர்கள் பகலில் பால் கறக்க மட்டும் மாட்டைத் தேடாமல் இரவிலும் தேடினால் நல்லது.

ஆசிரியரிடம் கேட்பது ஒன்றுதான். பெண்கள் பக்கத்தில் வசந்தகாலக் கட்டுரை போடுங்கள், தங்கச்சி போன்றவர்கள் இணையத்தில் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறார்கள், அவர்களுக்கு உதவும். அதோடு கார்த்திகைக் கடைசியில் ஒரு தடவை எங்கள் மாதக் கணக்குக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்து ஊரான களுதாவளையில் மணலில் கிணறு இறைத்துக் காலம் காலமாகத் தோட்டம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதினால் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள். என்னுடையது பத்துப் பேர்ச் குசினித் தோட்டம், அவர்களுடையது சீவியம்.

எரு லான்ட்மாஸ்டர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறது. அங்கால் றோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் வராது. மழை விட்டதும் தபால் கந்தோருக்குப் போய் இதைப் போட்டுவிட்டு, வரும் வழியில் கிடுகு நாலு பார்க்க வேண்டும், பழையது ஒழுகுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல மாது ஒருத்தி,
தேற்றாத்தீவு.